ஏனாமுக்கு மாற்றல்

பக்கிரி வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். முத்தியால்பேட்டையில் போய் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மீனம்பாக்கத்தில் சவாரி ஏற்றினால் புதுச்சேரியில் இறக்கிவிடுகிற வரைக்கும் பேசுகிறவன் அவன். வண்டி டீசலில் ஓடுகிறதா இவன் பேச்சில் ஓடுகிறதா என்று சவாரி வந்தவர்களுக்கே சந்தேகம் வரும். அப்படிப்பட்டவன் மகாபலிபுரம் தாண்டியும் பேசவில்லை, மரக்காணத்து உப்புப் பாத்திகள் தாண்டியும் பேசவில்லை. பேசினால் உளறிவிடுவான் என்று சகாயநாதன்தான் முதல் நாளே அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றும்போது மட்டும் அவனால் அடக்க முடியவில்லை.

"இன்னாக்கா, கைப்பெட்டி இந்தக் கனம் கனக்குது? கல்லு கில்லு வாங்கியாந்தியா?"

"ஆமா" என்றாள் அகஸ்டினா. "பாத்து வையி. ஒடஞ்சிடப் போவுது."

மகள் மெரினின் பிரசவத்துக்காக பாரிஸ் பக்கம் போனவள், விசா கொடுத்த காலம் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். மெரினின் புருஷன் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் எந்தப் பாலைவனத்திலோ துப்பாக்கி தூக்கிய புண்ணியத்தில், குடும்பமே அந்த நாட்டு பாஸ்போர்ட்டில் வாழ்கிறது. மேயில் போனவள். இப்போது ஆகஸ்ட். 2007-ம் வருஷத்து வெயில் அவள் போனபோது நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

சகாயநாதன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் ஒரு பேச்சை அதக்கிக்கொண்டு வந்தார். 'விக்டர் செத்துட்டான்.' இரண்டே சொல். வடை கேட்பதற்குக்கூட இதைவிட அதிகம் பேச வேண்டியிருக்கும். விக்டர் அகஸ்டினாவின் ஒரே தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனைப் புதைத்தது ஜூன் மாதம். அவளுக்குச் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதுகூடப் பெரிதில்லை. மெரின் பிறந்த சமயம் அகஸ்டினாவின் அப்பா இறந்துபோனார். பச்சை உடம்புக்காரியை எதற்கு அலைக்கழிப்பது என்று பெரியவர்கள் அவளுக்காகக் காத்திராமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். பிறகு வந்து மண்மேட்டைப் பார்த்தவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த சிலுவையைக் கழற்றிச் சகாயநாதன் முன்னால் நீட்டி, "இனிமே எங்க ஊட்டுல யாருக்கு எது நடந்தாலும், நான் மொகம் பாக்காம மூடக்கூடாது. கைய வையுங்க" என்றாள். வைத்தார். சிலுவை இன்னமும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

வண்டி முத்தியால்பேட்டைக்குள் நுழைந்ததும் வழக்கமான வழியை விட்டுச் சந்து சந்தாகச் சுற்றியது.

"ஏன் இந்தப் பக்கமா வர்ற?" என்றாள் அகஸ்டினா.

பக்கிரி கண்ணாடியில் சகாயநாதனைப் பார்த்தான். "ரோடு போட்டிருக்காங்கக்கா."

புதுச்சேரியில் ரோடு போட்டிருக்கிறார்கள் என்பதை அவள் நம்பினாளா தெரியவில்லை. உண்மையில் ரேஷன் கடைச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கூலிங்கிளாஸுடன் விக்டர் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் எடுத்த போட்டோ. மற்ற போஸ்டர்களையெல்லாம் சகாயநாதனே பேக்கரி வேலை முடிந்து வந்து தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்துவிட்டார். இதை மட்டும் எவனோ ஏணி போட்டு ஒட்டியிருந்தான். எட்டவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் அகஸ்டினாவைக் கண்டதும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தி, ஒரே நேரத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு அஞ்சலாட்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். காலையில் வாசலிலேயே இட்லி அவித்து விற்கிறவள். தெருவின் வாய் அவள்தான்.

"வாக்கா வாக்கா. இன்னா இப்பிடி வெளுத்துப் போயி வந்துக்கிற? வெள்ளக்காரியாவே மாறிட்டியா?"

"குளுருடி. வெயிலப் பாத்தே ரொம்ப நாளாச்சி." அகஸ்டினா குழாயைப் பார்த்தாள். "தண்ணி இப்ப யாரு தொறக்கறா?"

கேள்வி எல்லாக் குடங்களுக்கு மேலேயும் போய்ச் சகாயநாதன்மேல் விழுந்தது.

"புதுப் பையன் ஒருத்தன்" என்றார்.

"விக்டர் மாதிரி நேரத்துக்குத் தொறக்கறானா?"

"எங்க தொறக்கறான்" என்றாள் அஞ்சலாட்சி. குனிந்து, நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

விக்டர் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். விடிவதற்குள் போய் வால்வைத் திறந்து, நேரமானதும் மூடிவிட்டு வருவது வேலை. அரசாங்க உத்தியோகம். அதுதான் சகாயநாதனுக்கு வசதியாகப் போயிற்று.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து போன் வந்தது. மெரினுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். தையல் ஆறவில்லை. அகஸ்டினாவிடம் சொன்னால் அவள் அங்கே விழுவாள். விழுந்தால் தூக்குவதற்கு மெரின் எழுந்திருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் ரிசீவரை எடுத்தார். பேரப்பிள்ளையின் எடை, குளிப்பாட்டியது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "விக்டர் எப்பிடி இருக்கான்?" என்றாள் அவள்.

எதிர்ச் சுவரில் காலண்டர். அதில் புதுச்சேரி மாநிலப் படம் நாலு துண்டாகத் தொங்கியது. மற்ற மாநிலத்தில் ஓர் ஆளை ஒளித்துவைக்க வேண்டுமென்றால் படாதபாடு பட வேண்டும். புதுச்சேரிக்காரனுக்கு அந்தக் கவலையே இல்லை, பிரெஞ்சுக்காரன் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். காரைக்கால் கிட்டே, யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். மாஹேயில் பழைய பாதர் ஒருத்தர் இருந்தார், போன் போட்டு விசாரிப்பாள். மிச்சம் இருந்தது ஆந்திராவுக்குள் ஒரு புள்ளி.

"ஏனாமுக்கு மாத்திட்டாங்க" என்றார் சகாயநாதன்.

அந்தப் பக்கம் பேரப்பிள்ளை அழுது ஓய்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏனாமுக்கா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "ஏனாமுல எங்க தங்கியிருக்கான்?" என்று கேட்டாள்.

சகாயநாதனுக்கு ஏனாமைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெருக்கோடியில் ரிட்டயர்டு குமாஸ்தா கலியபெருமாள் இருந்தார். சர்வீஸில் பாதியை ஏனாமில் தள்ளியவர். சகாயநாதன் பேக்கரியில் விறகு அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். நீள மரத்துடுப்பில் மாவை வைத்து உள்ளே தள்ளுவதும், வெந்ததும் இழுப்பதும் அவர் வேலை. இரண்டு சூடான ரொட்டிக்கு ஒரு வாரத்துக்கான ஏனாமைக் கலியபெருமாள் கொடுத்தார். ஆற்றங்கரையோரம் ஓட்டு வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரம்மா மோர் கொடுப்பாள். சாப்பாடு காரம். தண்ணீருக்கு அங்கே 'நீள்ளு' என்று பேர். வாரம் தவறாமல் அகஸ்டினா கேட்டாள், வாரம் தவறாமல் சகாயநாதன் சொன்னார். விக்டருக்கு ஏனாம் ஒத்துக்கொண்டது. குடியைக் குறைத்தான். சாயங்காலம் கோதாவரியில் நீந்தினான். தொட்டி ஏணியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அங்கே மூச்சே வாங்கவில்லை. சில நாள் அடுப்பு முன்னால் நிற்கும்போது சகாயநாதனுக்கே, லீவு போட்டுவிட்டு ஏனாம் போய்ப் பையனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றிவிடும்.

அகஸ்டினா வீட்டுக்குள் போய் முதலில் சமையலறையைப் பார்த்தாள்.

"உப்பு டப்பாவுக்குக் கால் மொளச்சி அலமாரிக்குப் போயிட்டுதா?"

"ஈரம் கோத்துக்குது. அதான்."

"சக்கர டப்பால ரவ. ரவ டப்பால மொளவா. நல்லா இருக்குது குடித்தனம்."

வீட்டைச் சுற்றி வந்தாள். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டுப் பார்த்தாள். இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். படத்துக்கு அடியில் இருந்த விக்டரின் நினைவு அட்டையை அவர் முந்தின நாளே எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் செருகியிருந்தார்.

காப்பியோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேக்கரிக்கு லீவு சொல்லியிருந்தார்.

"அந்த ஊரு ரொட்டி எப்பிடிமே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. உங்க ரொட்டி மாதிரி அடியில கருவல் இல்ல." டம்ளரை ஆற்றினாள். "சரி, சொல்லுங்க. இத்தினி நாளு இன்னா நடந்துச்சி தெருவுல?"

"இன்னா நடக்கும். கேஸு போன வாரம் மாத்தினேன்."

"பால்காரி?"

"மாடு வித்துட்டா. இப்ப பாக்கெட்டுப் பாலுதான்."

"அதான் காப்பி இந்த லட்சணத்துல இருக்குது. அப்புறம்?"

"பக்கிரி பொண்ணு பாஸாயிட்டுது. தவளக்குப்பத்துல காலேஜி."

"வாயத் தொறந்து அத்தச் சொல்லலியே அவன். அப்புறம்?"

"கோடி வூட்டுல கொழா ஒடஞ்சி ஒரே சண்ட. போலீஸு வந்துட்டுது."

"அப்புறம்? யாராச்சும் போனாங்களா?"

சகாயநாதன் டம்ளருக்குள் பார்த்தார். "அம்மாவாசக் கெழவரு போயிட்டாரு. ஜூலையில."

"பாவம். படுத்தே கெடந்தாரு. நல்ல சாவுதான்." கொஞ்சம் விட்டு, "அப்புறம்?" என்றாள்.

அந்த 'அப்புறம்' மற்றதைப்போல இல்லை. மெதுவாக, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. சகாயநாதனுக்கு இரண்டு சொல்லும் நாக்குவரைக்கும் வந்தன. இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறாள், ஒரு வாய் சாப்பிடட்டும் என்று நினைத்தார்.

"அப்புறம் ஒண்ணுமில்ல" என்றார்.

அகஸ்டினா எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள்.

விடியற்காலையில் அவர் மீனம்பாக்கத்துக்குப் போயிருந்ததால், அஞ்சலாட்சி தேங்காய்த்திட்டுக்கு ஆள் அனுப்பி ஏலத்தில் வஞ்சிரம் எடுத்து வைத்திருந்தாள். அவரே குழம்பு வைத்தார். அவள் சாப்பிட்டாள். மீன் தலையை அவர் தன் தட்டில் போட்டுக்கொள்ளப் போனபோது மட்டும், "எனக்கு வையுங்க" என்று எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாப்பிட்டதும், தூக்கத்தில் கண் சொருகுகிறதே, தூங்கி எழுந்திருக்கட்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்தவர் அப்படியே பாயில் சாய்ந்து, பயணம் போய்வந்தது தான்தான் என்பதுபோலக் குறட்டை விட்டார்.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அகஸ்டினா முகம் கழுவி, புடவை மாற்றி, கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. தூக்கமில்லாததால் இருக்கும்.

வெளிநாடு போய்வந்தவர்கள் பெட்டி திறக்கும் நேரம் தெருவுக்குத் தானாகவே தெரியும். அழைக்காமல் வருவார்கள், எதுவும் வேண்டாம் என்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு மட்டும் வந்தவர்கள் சுவரோரமாக, கல்யாண வீட்டில் மொய் எழுத மறந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். அகஸ்டினா ஒவ்வொருவர் பேராகச் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். பக்கிரிக்கு சென்ட் பாட்டில். கலியபெருமாளுக்குக் கம்பளிக் குல்லா.

"மெர்சி, மெர்சி" என்று ஆகஸ்ட் மாத வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு பார்த்தார் கலியபெருமாள். "ஏனாமுல இருந்தப்பகூட எனக்கு இந்த மாதிரி..." என்று ஆரம்பித்துவிட்டு, ஏனாம் என்று சொல்லிவிட்டோமே என்று குல்லாவைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அஞ்சலாட்சிக்குக் காய் சீவுகிற கத்தி.

"இத்த வச்சிக்கினு யாரக்கா குத்தறது?"

"ஒன் வாய அறுத்துக்க. பாதியாச்சும் கொறயட்டும்."

யாரோ சிரித்தார்கள். கொஞ்சம் இளக்கமாயிற்று. சாக்லேட் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. அப்போது அகஸ்டினா கைப்பெட்டியை இழுத்து, அடியிலிருந்து பூத்துவாலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சிலேட்டுப் பலகை அகலம் இருந்தது.

"இது விக்டருக்கு" என்றாள்.

காகிதச் சத்தம் நின்றுபோயிற்று. ஒவ்வொருவரும் அவரவர் கையிலிருந்ததைப் பார்த்தார்கள். பக்கிரி சென்ட் பாட்டிலில் எழுதியிருந்த பிரெஞ்சை அட்சரம் அட்சரமாகப் படித்தான், அவனுக்குத் தமிழே சரியாகப் படிக்க வராது. அஞ்சலாட்சியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"இன்னாடி?"

"சொத்தப் பல்லுக்கா. இனிப்புப் பட்டுட்டுது."

"அப்ப துப்பிடு" என்றாள் அகஸ்டினா. பொட்டலத்தைத் தடவிக்கொண்டே சகாயநாதனைப் பார்த்தாள். "காலையில நாம ரெண்டு பேருமா எடுத்துக்கினு போயிக் குடுத்துட்டு வரலாம்."

"ஏனாமுக்கா?" என்றார் அவர்.

"எங்க இருக்கானோ அங்க."

காலையில் அகஸ்டினா எழுவதற்கு முன்பே சகாயநாதன் குளித்துவிட்டு, அரிசிப் பானைக்கு அடியிலிருந்து நினைவு அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. சிலுவையைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தார்.

"அகஸ்டினா, விக்டர் ஏனாமுல இல்ல."

"தெரியும்" என்றாள். "காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"அந்த வாரமே தெரியும். அங்க ஞாயித்துக்கெழமையில தமிழ்ப் பூச வைப்பாங்க. முடிஞ்சி கெளம்பறேன், நம்ம பல்லு டாக்டரு வூட்டு மருமவ ஓடியாந்து கையப் புடிச்சிக்கினா. 'இன்னா அத்த, விக்டர் மாமா இப்பிடிப் பண்ணிட்டாரே'ன்றா. எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டா பாவம். பக்கத்துல மெரின் புருசன் நிக்கறான். அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்குது. பூசையில செத்தவங்களோட சேத்து அவன் பேரே படிச்சிருக்காங்க, நான்தான் புள்ளயத் தூக்கிக்கினு வெளியில நின்னுட்டேன்."

தெரு முழுவதையும் கையைப் பிடித்துக் கட்டிப்போட்டவர், போஸ்டரையெல்லாம் சுரண்டியவர், பாதித் தெரு பிரான்ஸில் குடியிருக்கிறது என்பதை மறந்துபோனார்.

"அன்னைக்கே சாயங்காலம் போன் போட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன். ஏனாமுன்னீங்க." அவள் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். கனத்தது. "தூக்குங்க. பக்கிரிய வரச் சொல்லியிருக்கேன்."

"பூர்ணிமாகிட்ட ஒரு வார்த்த..."

"நேத்து நீங்க கொறட்ட உட்டுக்கினு இருந்தப்பவே போயிட்டு வந்துட்டேன்."

பூர்ணிமா விக்டரின் மனைவி. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். விரும்பிக் கட்டிக்கொண்டவள். கோயிலுக்கு வந்தாலும் நெற்றிப் பொட்டை மட்டும் விடாதவள். இப்போது அது இல்லாததால்தான், நாத்தனார் வருகிற நேரம் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சகாயநாதன் சொல்லிவைத்திருந்தார். அவள் நெற்றியே சொல்லிவிடும்.

"அவ தெருவுல நாலு வூட்டுக்குக் கேக்கற மாதிரி அழுதோம். திரும்பி வந்தும் நீங்க எழுந்திருக்கல" என்றாள் அகஸ்டினா.

உப்பளம் கல்லறைக்குப் பக்கிரி இந்தமுறை நேர்வழியில் வண்டியை விட்டான். ரேஷன் கடைச் சுவரைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தான். அகஸ்டினா எட்டிப் பார்த்தாள். "அந்தக் கண்ணாடி எங்கிட்டதான் வாங்கினான் கழுத, திருப்பிக் குடுக்கவே இல்ல" என்றாள்.

காலை வெயில் அதற்குள் சுவரேறிவிட்டது. பழைய சொல்தாக்களின் பளிங்குக் கல்லறைகளைத் தாண்டி, கடைசி வரிசையில் மண்மேடும் மரச்சிலுவையும் இருந்தன. பேரை எழுதியது சகாயநாதன். பெயின்ட் கொஞ்சம் வழிந்திருந்தது. அகஸ்டினா மண்டியிட்டுப் பூத்துவாலையைப் பிரித்தாள். சாம்பல் நிறக் கருங்கல் பலகை. ஓரத்தில் ஒரு ரோஜா, நடுவில் பிரெஞ்சில் பொன் எழுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துச் சகாயநாதன் படித்துவிட்டார். என் தம்பிக்கு என்று இருந்தது.

"அங்க கல்லற வாசப் பூக்கடையிலயே விக்கறாங்க" என்றாள். "அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பொண்டாட்டிக்குன்னு எழுதி அடுக்கி வச்சிருக்காங்க. ரொட்டி வாங்கப் போறேன்னு மெரின்கிட்ட சொல்லிட்டுப் போயி வாங்கினேன். தையலு பிரிஞ்சிடும்னு அவகிட்ட நான் சொல்லல. நீங்க எங்கிட்ட சொல்லல. அவ புருசன் அவகிட்டயும் உங்ககிட்டயும் வாயத் தொறக்கல. நல்ல குடும்பம்."

பலகையைச் சிலுவைக்கு அடியில் சாய்த்துவைத்து, இரண்டு பக்கமும் மண்ணை அணைத்தாள். அவரும் குனிந்து அணைத்தார்.

"கைய வச்சேன். மொகம் பாக்காம மூட மாட்டேன்னு" என்றார் சகாயநாதன். "மூடிட்டேன்."

அவள் பலகையோரத்து மண்ணை இன்னொரு தரம் அழுத்திவிட்டாள். "கோவம் இருக்குது" என்றாள். "அதான் நேத்து பூரா கேட்டுக்கினே இருந்தேன். கொஞ்சம் படட்டும்னு. இன்னும் இருக்குது. போவும்போது போவும்." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "மொகம் எப்பிடி இருந்துச்சி? இல்லாததச் சொல்லாதீங்க."

இத்தனை நாள் விதவிதமாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு, உள்ளதைச் சொல்லச் சிரமமாக இருந்தது.

"அன்னைக்கு வால்வத் தொறந்துட்டு, தொட்டிச் செவுத்துல சாஞ்சி ஒக்காந்துக்கிறான். அப்பிடியே போயிட்டான். மூட ஆளில்ல. தண்ணி நிக்கவே இல்ல, வந்துக்கினே இருந்துச்சி. தெருவே சந்தோசமாப் புடிச்சிது. அண்டா, குண்டா, தொட்டி எல்லாம் ரொப்பினாங்க. விக்டர் தம்பிக்கு இன்னைக்கு நல்ல மனசுன்னு அஞ்சலாட்சி சத்தம் போட்டுச் சொல்றா. ரொம்ப நேரம் வருதேன்னு போயிப் பாத்தப்பதான் தெரிஞ்சிது. அந்த அண்டாத் தண்ணிய அவ இன்னும் தொடல. மூடி போட்டு வச்சிக்கிறா."

அகஸ்டினா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொகத்துல ஒண்ணும் இல்ல. வலி கிலி இல்ல. ஒரு வாரத்துத் தாடி இருந்துச்சி. நான்தான் சவரம் பண்ணி உட்டேன். மோவாயில அந்தத் தழும்பு..."

"ஊஞ்சல்ல இருந்து வுழுந்தது. நான்தான் வேகமா ஆட்டிட்டேன்."

"அது தெரிஞ்சிது. வாய் லேசாத் தொறந்தாப்புல இருந்துச்சி. ஏதோ கேக்க வந்தவன் மாதிரி."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்மேட்டின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். தூரத்தில் வாட்ச்மேன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க குளிக்கற ரூமுல கொழாயத் தொறந்து உட்டுட்டு அழுவேன்" என்றாள். "ஞாயித்துக்கெழமை வந்தா போன் போடுவேன். மொத வாரம் உங்கள நல்லாத் திட்டிக்கினேன் மனசுக்குள்ள. அப்புறம் நீங்க வூட்டுக்காரம்மா மோரு குடுத்தான்றீங்க, ஆத்துல நீஞ்சறான்றீங்க. நீங்க சொல்லச் சொல்ல அவன் அங்கதான் இருக்கான்ற மாதிரியே இருந்துச்சி. பொய்யின்னு தெரியும். ஆனாலும் வாரம் பூராவும் அதுக்குத்தான் இருந்தேன்."

சகாயநாதன் சிலுவையில் வழிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.

"கடசியில ஒண்ணு பாதியில நின்னுட்டுது. கார்டு தீந்துபோச்சி, கட்டாயிட்டுது" என்றாள். "அந்த மீனுக் கத."

"புலசா."

"ஆங். கடல்ல இருந்து எதிர்த்தண்ணியில ஆத்துக்குள்ள ஏறி வருமே. ஒரே ஒரு மீனுதான் வந்துச்சி, அத்த வாங்கறதுக்கு பண்ணையாரு ஒருத்தரும் விக்டரும் கரையில நிக்கறாங்கன்னு சொன்னீங்க. அதோட போச்சி. வாங்கினானா இல்லியா?"

அவர் அவளைப் பார்த்தார். கேலி இல்லை. பதிலுக்காகத்தான் காத்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்கினான். தேங்காய்த்திட்டு ஏலத்தப் பாத்தவனாச்சே, உடுவானா. அந்தாளு ஏத்த ஏத்த இவனும் ஏத்தறான். கடசியில பாதிப் பாதின்னு பேசிக்கினாங்க. எந்தப் பக்கம் வேணும்னு அந்தாளு கேட்டாரு. தலப் பக்கம்னுட்டான். எங்கக்கா தலையத்தான் எடுக்கும்னு சொன்னான்."

"வூட்டுக்காரம்மா ஆஞ்சி குடுத்தாளா?"

"அவனே ஆஞ்சான்."

"கொழம்பு வச்சானா?"

"வச்சான்."

"புளி எத்தினி போட்டான்?"

சகாயநாதன் யோசித்தார். இது கலியபெருமாள் சொல்லிக்கொடுக்காத இடம்.

"கொஞ்சம் தூக்கலா" என்றார்.

"அப்பிடித்தான் போடுவான்" என்றாள் அகஸ்டினா.